அப்பாவோட பழைய ஒயில் வெல்டிங் பிளாண்ட்டை ஓட்டலாமா?

கேள்வி – தலவாக்கலை
12 வருஷமா பூட்டிக் கிடந்த கராஜ்ல அப்பாவோட சிங்கிள் பேஸ் ஒயில் பிளாண்ட் (சுருள் எண்ணெயில மூழ்கி இருக்கிற வெல்டிங் மெஷின்), கேபிள், ஹோல்டர் இருக்கு. ஒட்சிசன், அசிட்டிலின் ரெகுலேட்டர், ஹோஸ், கட்டிங் டோர்ச்சும் இருக்கு. பிளாண்ட்டுக்கு அடியில எண்ணெய் கசிஞ்சிருக்கு. கரண்ட் குடுத்துப் பார்க்கலாமா?

பதில் – வயரிங் பாஸ்
வேணாம் தம்பி. நம்ம பக்கத்து மூடுபனியில 12 வருஷம் கிடந்தா சுருளோட பஞ்சு, காகித இன்சுலேஷன் ஈரம் குடிச்சிருக்கும். அப்படியே போட்டா சுருள் ஷோர்ட் ஆகலாம், பாடியில கரண்ட் ஏறலாம்.

முதல்ல 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு அளக்கிற மீட்டர்) வச்சுப் பாருங்க. பிளக்கைக் கழட்டி, பிளாண்ட் சுவிட்சை ஓன்ல வைங்க. மெயின் வயர் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு, வெல்டிங் டெர்மினலுக்கு அளந்தா 5 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. மெயின்ல இருந்து பாடிக்கும், டெர்மினல்ல இருந்து பாடிக்கும் 2.5 மெகாஓமுக்குக் குறையக் கூடாது.

மெயின் கேபிளையும் பிளக்கையும் எப்படி இருந்தாலும் மாத்துங்க. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டின இடத்துல இறுக்குங்க. வேலைத்துண்டுல மாட்டுற கிளாம்ப் வேற, பாடி எர்த் வேற. நிறையப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு பாடியை எர்த் இல்லாம விட்டுடுறாங்க. கடைசியா, ஆர்க் அடிக்காம டெர்மினல்ல அளந்தா 80 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஈரத் தரையில அந்த 80ம் ஆபத்துதான்.

பதில் – மஸ்கெலியா
மெகர் பிடிக்க முன்னாடி எண்ணெயைப் பாருங்க. அந்தக் காலத்துல கழிச்ச ட்ரான்ஸ்போமர் எண்ணெயை இந்த பிளாண்ட்ல ஊத்துறது இலங்கையில சாதாரணம். அதுல பி.சி.பி. (தண்ணியை விடக் கனமான ஒரு விஷ ரசாயனம்) இருக்கலாம். தண்ணியில மிதந்தா நல்ல எண்ணெய்னு முடிவு பண்ணாதீங்க. 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு) கலந்திருந்தாலே அது பி.சி.பி. கழிவுதான், அப்பவும் மிதக்கும். லேப்ல மட்டுந்தான் தெரியும். எண்ணெயை மாத்தினாலும் சுருள்ல ஊறினது புது எண்ணெய்க்கு இறங்கும். அதனால, ரிப்போர்ட் வராம அதைத் திறக்கவே வேணாம். வடிகான்ல ஊத்தினா கொத்மலை ஓயாவுக்குப் போயிடும். பழைய இரும்புக் கடைக்கும் குடுக்காதீங்க, செம்புக்காக எரிச்சா அதைவிட மோசமான விஷம் கிளம்பும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையில கேட்டு, லைசன்ஸ் உள்ள இடத்துல ஒப்படைங்க.

பதில் – கேஸ் கட்டர்
ஹோஸ், ரெகுலேட்டர் ரெண்டையும் கழிச்சிடுங்க, யோசிக்கவே வேணாம். ஒட்சிசன் சிலிண்டர்ல 150 பார் வரைக்கும் இருக்கும். வால்வைத் திறந்ததும் அழுத்தத்துல வர்ற சூட்டுக்கே, உள்ளே இருக்கிற துளி கிரீஸ் பத்திக்கும். உங்க கராஜ்ல எண்ணெய் வேற கசிஞ்சிருக்கு. டோர்ச்சை மட்டும் கடையில குடுத்து லீக் பார்க்கலாம். புதுசா போடும்போது ரெண்டு லைன்லயும் பிளாஷ்பேக் அரெஸ்டர் (நெருப்பு ஹோஸ் வழியா திரும்பிப் போகாம தடுக்கிறது) இருக்கணும். அசிட்டிலின் ஹோஸைச் செம்புக் குழாய் வச்சு ஒட்டுப் போடாதீங்க, உள்ளே வெடிக்கிற உப்பு படியும். அசிட்டிலின் 1 பாருக்கு மேல ஏத்தவும் கூடாது.

கேள்வி – தலவாக்கலை
கசிஞ்சதை ஏற்கனவே வெறுங்கையால, துணி வச்சு துடைச்சிட்டேன்.

பதில் – மஸ்கெலியா
கையைச் சவர்க்காரம் போட்டு நல்லாக் கழுவுங்க, பெட்ரோல், தின்னர் வேணாம். துணியை எரிக்காம மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில போடுங்க. தரையில மிச்சம் இருக்கிறதுக்கு மரத்தூள் போட்டு, உறிஞ்சினதும் கையுறையோட அள்ளி அதே வாளியில சேருங்க. பிளாண்ட்டோட சேர்த்து அதையும் குடுத்துடலாம்.