பயன்படுத்தாத கிரெடிட் கார்டை வங்கி மூடிவிட்டது: ஸ்கோர் ஏன் இறங்கியது?

மாதச்சம்பளக்காரன்:
வணக்கம். என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டுகள் இருந்தன. முதலாவது வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது, வரம்பு 1,20,000 ரூபாய். இரண்டாவதன் வரம்பு 50,000. பெட்ரோல், மளிகை, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இரண்டாவதில்தான். மாதம் 38,000 ரூபாய் வரை வரும். கடைசித் தேதிக்கு முன்பே முழுவதையும் கட்டிவிடுவேன். பழைய கார்டு பீரோவில் கிடந்தது. போன மாதம் 'நீண்ட காலம் பயன்படுத்தாததால் கணக்கு மூடப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. இப்போது சிபில் ஸ்கோர், அதாவது கடனைக் கட்டும் ஒழுங்குக்குத் தரும் மதிப்பெண், 786இலிருந்து 731க்கு இறங்கிவிட்டது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரம் இது. சும்மா வைத்திருந்தது குற்றமா? அந்தக் கார்டைத் திரும்பத் திறக்கச் சொல்ல முடியுமா?

வைகைக்கரை:
கார்டைத் தேய்க்காமல் வைத்தால் ஸ்கோர் போய்விடும் சார். என் மைத்துனருக்கும் இதே கதைதான். உடனே இன்னும் இரண்டு கார்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், தானாக ஏறிவிடும்.

பழைய காசாளர்:
வைகைக்கரை தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக் கடனுக்கு முன்னால் புதுக் கார்டு கேட்டால், ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் சிபில் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். 'இவருக்கு என்ன பண நெருக்கடி?' என்றுதான் கடன் கொடுப்பவர் பார்ப்பார்.

சும்மா இருக்கும் கார்டு தன்னளவில் ஸ்கோரைக் குறைப்பதில்லை. நிலுவை சுழியம், தாமதம் 000 என்றுதான் வங்கி அதைப் பற்றி சிபிலுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். அது நல்ல பதிவுதான். உங்களுக்கு நடந்தது வேறு, கணக்கைப் பாருங்கள். முன்பு இரண்டு கார்டும் சேர்ந்து வரம்பு 1,70,000. அதில் 38,000 செலவு என்றால் 22 சதவீதம். இப்போது வரம்பு 50,000 மட்டும். அதே 38,000 ரூபாய் 76 சதவீதம் ஆகிவிட்டது. நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, ஆனால் அறிக்கையில் கழுத்துவரை கடனில் நிற்பவர் போலத் தெரிகிறீர்கள். செலவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மூடியதும் விதிப்படிதான். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் மூட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. அந்த அறிவிப்பு பழைய கைபேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ போயிருக்கலாம். மூடிய கணக்கைப் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள். ஆனால் அதன் பழைய வரலாறு அறிக்கையில் உடனே அழிந்துவிடாது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

மாதச்சம்பளக்காரன்:
முழுத் தொகையும் கட்டுபவனுக்கு 76 சதவீதம் எப்படி வரும் ஐயா? நிலுவையே இல்லையே!

பழைய காசாளர்:
நீங்கள் கட்டுவது பில் வந்த பிறகு. வங்கி தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் நிற்கும் தொகைதான் அறிக்கையில் ஏறும். நீங்கள் அதன் பிறகு கட்டியது அப்போது தெரியாது. ஆகவே பில் தேதிக்கு நாலைந்து நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். 8,000 ரூபாய் மட்டும் பில்லில் வந்தால் 16 சதவீதம்தான். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும், அதனால் மாற்றமும் சீக்கிரம் தெரியும்.

தென்றல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பயன்படுத்தாத கார்டு ஒன்று இருக்கிறது, ஆனால் அது மூடப்படவில்லை. அறிக்கையில் மாதவாரிக் கட்டங்களில் 000, 000 என்று வந்துகொண்டிருந்தது, கடைசி மூன்றில் 025, 056, 086 என்று இருக்கிறது. நான் அதில் எதுவுமே வாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கார்டின் கடைசி நாலு பில்களை எடுத்துப் பாருங்கள் அம்மா. ஆண்டுக் கட்டணம் 500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறதா?

தென்றல்:
ஆமாம், அதே 590. பிறகு தாமதக் கட்டணம், வட்டி, அதற்கும் ஜிஎஸ்டி. இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 'வாழ்நாள் முழுக்கக் கட்டணம் இல்லை' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கட்டத்தில் இருப்பது தாமதமான நாட்களின் எண்ணிக்கை. 086க்கு அடுத்தது 90ஐத் தாண்டும். அதற்குப் பிறகு அது வாராக்கடன் கணக்கில் சேரும். ஆயிரம் ரூபாய்க்காக அங்கே போக வேண்டாம். சண்டை நியாயமானதுதான், ஆனால் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கட்டிய கையோடு கார்டை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள். நிலுவை இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இலவசக் கார்டு என்று எழுத்தில் இருந்தால் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள பதிவைத் திருத்த சிபில் தளத்திலேயே இலவசமாக முறையிடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வைகைக்கரை:
அப்படியானால் கொஞ்சம் நிலுவை வைத்து, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் ஸ்கோர் வளரும் என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:
வளர்வது வங்கியின் வருமானம். மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி போகும்.

மாதச்சம்பளக்காரன்:
பில் தேதிக்கு முன்பே கட்டத் தொடங்கிவிட்டேன். செயலியில் இரண்டாவது கார்டின் வரம்பை 90,000 ஆக்கலாம் என்று வங்கியே கேட்டிருக்கிறது. சரி என்று சொல்லட்டுமா? வீட்டுக் கடனுக்கு எப்போது போகலாம்?

பழைய காசாளர்:
வங்கியே முன்வந்து தருவதற்குச் சம்மதம் கொடுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் மறுபடி விசாரணை வரக்கூடும். செலவை மட்டும் அதற்கேற்றபடி ஏற்றிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் சிபிலில் மட்டும் பார்க்காமல், அதைப் போலவே கடன் விவரம் திரட்டும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் இலவச அறிக்கை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தர வேண்டும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. மூடிய கார்டில் மூடிய தேதியும் சுழிய நிலுவையும் நாலிலும் பதிவாகி, புதிய வரம்பும் ஏறிய பிறகு விண்ணப்பம் போடுங்கள்.