ஐஎல்எஸ்ஸில் வரும்போது வெளியே எதற்குப் பார்க்க வேண்டும்?

நிலா: மாமா, விமானிகள் ரேடியோவில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐஎல்எஸ் என்ற வழிகாட்டும் கருவியைப் பிடித்து இறங்க அனுமதி கொடுத்த கன்ட்ரோலரே (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்), "முன்னால் போகும் விமானம் தெரிகிறதா? பார்த்து இடைவெளி விட்டு வாருங்கள்" என்கிறார். கருவியை நம்பி இறங்குகிறவர் வெளியே எதற்குப் பார்க்க வேண்டும்?

சேகர் மாமா: ஐஎல்எஸ் ஓடுபாதைக்கு வழி காட்டும், அவ்வளவுதான். முன்னால் யார் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இடைவெளி காப்பது கன்ட்ரோலர் வேலை. அமெரிக்காவில் விமான நிலையத்தை நெருங்கும்போது பொதுவாக 3 கடல் மைல், இல்லாவிட்டால் 1000 அடி உயர வித்தியாசம். விமானி "தெரிகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டால் அந்தக் கணக்கைவிட நெருங்கி வரலாம்.

கார்த்தி: இடித்தால் யார் தலையில்?

சேகர் மாமா: கேள்வியைப் பார்! ஏற்றுக்கொண்ட பிறகு இடைவெளி விமானியின் பொறுப்பு. முன்னால் போகும் விமானம் கிளப்பும் காற்றுச் சுழலைத் தவிர்ப்பதும் அவர்தான். சுழல் மெல்லக் கீழே இறங்கும், அதனால் பின்னால் வருகிறவர் சற்று மேலேயே வரப் பார்ப்பார். ஐஎல்எஸ் காட்டும் இறங்கு சரிவைப் பிடித்து வரும்போது அதற்கு அதிக இடம் கிடையாது.

நிலா: முடியாது என்று சொல்லலாமா?

சேகர் மாமா: தாராளமாக. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் லுஃப்தான்சா என்ற ஜெர்மன் கம்பெனியின் விமானி அப்படித்தான் சொன்னார். இரவில் அதை ஏற்கக் கூடாது என்பது அவர்கள் கம்பெனி விதி. கடைசியில் பக்கத்து ஊரான ஓக்லாண்டில் போய் இறங்கினார்கள்.

மீனா அத்தை: அடப்பாவமே, பயணிகள் என்ன செய்வார்கள்!

சேகர் மாமா: கன்ட்ரோலருக்கும் நெருக்கடிதான் மீனா. சான் பிரான்சிஸ்கோவில் 28 இடது, 28 வலது என்ற இணை ஓடுபாதைகளுக்கு நடுவே 750 அடிதான். அப்போது விமானிகள் கண்ணால் பார்த்து வந்தால்தான் ஜோடி ஜோடியாக இறக்க முடிந்தது.

கார்த்தி: இருந்தாலும் விமானி கொஞ்சம் பிடிவாதம்தான்.

சேகர் மாமா: இல்லைடா. இருட்டில் எல்லாமே விளக்குப் புள்ளிதான், எது எந்த விமானம் என்று பிரிப்பது கஷ்டம். 2025 ஜனவரியில் வாஷிங்டனில், ராணுவ ஹெலிகாப்டர் தானே விஷுவல் செபரேஷன், அதாவது கண்ணால் பார்த்து இடைவெளி காக்கும் பொறுப்பை, கேட்டு வாங்கியது. இறங்க வந்த பயணிகள் விமானத்தோடு மோதி 67 பேர் இறந்துபோனார்கள்.

நிலா: நான் கேட்டதில் விமானி முதலில் "தெரிகிறது" என்றார். அப்புறம் "மேகத்தில் மறைந்துவிட்டது" என்றார்.

சேகர் மாமா: சரியாகச் செய்திருக்கிறார். உடனே சொல்லியாக வேண்டும். கன்ட்ரோலர் என்ன சொன்னார்?

நிலா: வேகத்தைக் குறைக்கச் சொன்னார்.

சேகர் மாமா: அப்போ பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரேடாரில் இடைவெளி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.