சூடானதும் நின்றுவிடும் 1961 புல்லட்: என்ன செய்யலாம்?

கேள்வி (காலடிப்பேட்டை):
அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய 350 சிசி புல்லட், ஆர்.சி. புத்தகத்தின்படி 1961ஆம் ஆண்டு வண்டி. காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிடுகிறது. எண்ணூர்ப் பக்கம் இருபது நிமிடம் ஓட்டினால் படபடவென்று வெடித்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. போன மாதம்தான் பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் மாற்றினோம். வேறு இன்ஜின் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மறுமொழி (ராயபுரம்):
பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளிழுத்தால் அதுதான் காரணம்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. சத்தமே இல்லை.

மறுமொழி (தண்டையார்பேட்டை):
தம்பி, அந்த இன்ஜினை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாரானது 1962 வாக்கில்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. ரெட்டிட்ச் வார்ப்பே உள்ளே இருக்கலாம். அந்த ரெட்டிட்ச் ஆலையையும் 1967இல் மூடிவிட்டார்கள்.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். அடுத்த முறை நின்றதும் சாவியைப் போட்டு, இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் பிடியைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல மிதியுங்கள். பாயிண்ட், அதாவது காயிலுக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை, மூடியிருக்கும்போது மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் வயரைப் பாருங்கள். முள் சரியாக ஆடியும் பிளக்கில் பொறி மஞ்சளாக, மெலிதாக வந்தால், என் சந்தேகம் கண்டென்சர் மேல். பாயிண்ட் திறக்கும் நொடியில் பாயும் மின்சாரத்தை அது வாங்கிக்கொண்டால்தான் காயில் என்னும் மின்சுருளில் பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் வேகமாகப் பிறக்கும். சூட்டில் உள்ளே கசிந்தால் பொறி செத்துவிடும், பாயிண்டின் முகமும் கருகும்.

கேள்வி கேட்டவர்:
முள் ஆடுகிறது, பொறி மஞ்சள்தான். பாயிண்டைக் கழற்றினால் ஒரு மாதத்திலேயே கருகிக் குழி விழுந்திருக்கிறது. ஆனால் கண்டென்சர் புதிது ஆயிற்றே?

மறுமொழி (தண்டையார்பேட்டை):
புதிது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. பழையது இருக்கிறதா? பாயிண்டைத் தேய்த்துச் சமன்செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, பழையதைப் பூட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்பா அதைத் தூக்கிப் போடவில்லை! பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் திருகாணிகளோடு கிடந்தது. அவரே குந்தி உட்கார்ந்து பூட்டினார். எர்ணாவூர் வரை போய்த் திரும்பினோம், நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இன்ஜின் மேல் கை வைக்க முடியாத சூடு, அப்போதும் ஒரே உதையில் கிளம்பியது. நன்றி ஐயா. அப்பா ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.