புதுப்பிப்பு: புறக்கோட்டை விடியற்கால நடை

கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில், கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கொச்சிக்கடை வரை நடக்கும் பாதையை முன்பு எழுதியிருந்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த நாளில் போவது என்றே பலரும் கேட்டிருந்தீர்கள்.

கொழும்பில் ஆண்டு முழுக்க ஆறு மணியளவில்தான் விடியும். ஐந்தே முக்காலுக்கு நிலையத்தடியில் நின்றால் போதும். மெயின் வீதி வழியே இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்புங்கள். 1909இல் கட்டிமுடித்த சிவப்புப் பள்ளிவாசல் அங்கேதான். தெரு ஒடுக்கம், லொறிகள் வந்து சாமான் இறக்கத் தொடங்கினால் முகப்பு மறைந்துவிடும், நாட்டாமிமாரின் (சுமை தூக்கும் தொழிலாளரின்) கைவண்டிக்கும் வழிவிட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியைச் சட்டென நிறுத்த முடியாது, ஒதுங்க வேண்டியது நாம்தான். கட்டடம் பார்க்க ஞாயிறு நல்லது. சந்தைச் சத்தம் வேண்டுமானால் வேலைநாள். எனக்கு அதுவே பிடிக்கும்.

பிறகு பழைய நகர மண்டபம், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், கொச்சிக்கடையில் கருங்கல் பொன்னம்பலவாணேஸ்வரம். வாரோடு கட்டும் சப்பாத்து வேண்டாம், கோயிலுக்குக் கோயில் கழற்ற வேண்டிவரும். 1757இல் திறந்த ஒல்லாந்தர் கால வுல்ஃபெண்டால் தேவாலயம் மேட்டில் இருக்கிறது. அதைக் கடைசிக்கு வையுங்கள்.