மினடோங்கா ஏரியில் அக்டோபர் மஸ்கி: விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவுல மினியாபொலிஸ் பக்கத்துல இருக்கிற மினடோங்கா ஏரியில மஸ்கி (மத்த மீனை வேட்டையாடுற பெரிய நன்னீர் மீன்) பிடிக்கிற அனுபவம் யாருக்காவது இருந்தா உதவி வேணும்.

கோடை முழுக்க வேக்போட் (பெரிய அலை கிளப்புற விளையாட்டுப் படகு) அலையில நிம்மதியா தூண்டில் வீச முடியாது. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) தாண்டினா கூட்டம் குறையுது, ஆனா வெயில் அடிக்கிற சனி ஞாயிறு மறுபடியும் அதே கதைதான். அதனால வார நாள்ல வேலை முடிஞ்சு, இருட்டுற நேரத்துலதான் போறேன்.

இப்ப தண்ணி 55 டிகிரி ஃபாரன்ஹீட். மேல்தண்ணி குளிர்ந்து இறங்கி ஏரி கலந்துட்டதால ஆழத்துலயும் ஆக்சிஜன் இருக்கு, மீன் எங்க வேணா நிக்கலாம். பழுத்துப்போன பாசியை விட்டுட்டு, இன்னும் பச்சையா இருக்கிற பாசி ஓரமா பெரிய ரப்பர் இரையை மெதுவா இழுக்கிறேன். நேத்து ஒண்ணு படகு வரைக்கும் பின்னாடியே வந்துச்சு. தூண்டில் முனையைத் தண்ணிக்குள்ள விட்டு, இரையை 8 வடிவத்துல சுத்தினேன். முதல் வளைவுல கூடவே திரும்பிச்சு, அப்புறம் வாயைத் திறக்காமலே கீழ இறங்கிடுச்சு. என்ன அழகான மீன்!

இனிமே செங்குத்தா இறங்குற பாறைச் சரிவுக்கு மாறணுமா? உயிருள்ள சக்கர் மீனை (இரைக்குப் பயன்படுத்துற மீன்) க்விக் ஸ்ட்ரைக் ரிக்ல (மீன் கடிச்ச உடனே இழுத்துக் கொக்கியை மாட்ட வைக்கிற அமைப்பு) மாட்டி, படகோட கூடவே இழுத்துட்டுப் போனா, இப்படிப் பின்தொடர்ற மீன் கடிக்குமா? படகு நெரிசல் உள்ள விரிகுடாவுல மீன் சத்தத்துக்குப் பழகிடுமா, ஆழத்துக்கு ஒதுங்கிடுமா?

54 அங்குலத்துக்குக் கீழ இருக்கிற மஸ்கியை வச்சுக்க சட்டம் விடாது. எவ்வளவு பெருசா இருந்தாலும் நான் திரும்ப விடத்தான் போறேன். பெரிய வலை, நீளமூக்குக் குறடு, கொக்கி வெட்டி எல்லாம் கையில இருக்கு. சீசன் டிசம்பர் 1 வரைக்கும்தான், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.