மறுமொழி: சாது மீனா, இணக்க மீனா, உடனுறை மீனா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். 'எந்த மீனோடு எந்த மீன்' என்கிற இயலில் வண்டி நின்றுவிட்டது. 'கம்பேட்டிபிள்', அதாவது ஒரே தொட்டியில் சேர்த்து வைக்கத்தக்கவை, என்ற ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே கேட்டதற்கு மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் வாக்கியங்களில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> கடைகளில் 'சாது மீன்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். புழங்குகிற சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

புழக்கத்துக்குத்தான் முதல் மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லால் பட்டவன் நான். என்னுடையது நான்கடித் தொட்டி, சுமார் 200 லிட்டர். முதலில் விட்டது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீல டாம்சல். விலை குறைவு, எதையும் தாங்கும், புதுத் தொட்டி பக்குவப்படும்வரை இருக்கட்டும் என்று கடையில் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அதே கடையில் பயர்பிஷ் ஒன்று வாங்கினேன். முன்பாதி பால்வெள்ளை, பின்பாதி தணல் நிறம். முதுகில் கொடிக்கம்பம் போல நீண்ட முள் ஒன்று, அதை நொடிக்கொரு தரம் நிமிர்த்தி மடக்கும். "ரெண்டும் சாது சார்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு மாதத்தில் டாம்சல் தொட்டி முழுவதற்கும் பட்டா வாங்கிவிட்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயர்பிஷ் எந்தப் பாறை இடுக்கில் நுழைந்தாலும் நீலக்கோடாகப் பாய்ந்து விரட்டியது. மூன்றாம் நாள் காலை பயர்பிஷ் தொட்டியில் இல்லை. தொட்டி மேசைக்குப் பின்னால், சுவரோரத்தில், கருவாடாகக் கிடந்தது. மிரண்டால் நீரைவிட்டே துள்ளும் மீன், மேலே வலைமூடி போட வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்தது.

இதில் டாம்சலைக் குறை சொல்லிப் பயனில்லை. அதையே கடைசியாக விட்டிருந்தால், விடும்போது பாறைகளையும் இடம் மாற்றி அடுக்கியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம் சிங்க மீனைப் பாருங்கள். விசிறித் துடுப்புகளை விரித்துக்கொண்டு அசையாமல் மிதக்கும், யாரையும் விரட்டாது. சாது என்றால் அதுதான் சாது. ஆனால் அதன் வாய்க்கு அடங்குகிற மீன் எதுவும் தொட்டியில் மிஞ்சாது. சாது என்பது ஒரு மீனுக்கு நாம் கொடுக்கும் நற்சான்று. எனக்கு வேண்டியதோ இரண்டு மீனுக்கு நடுவில் நிற்கிற சொல்.

> கணினியில் 'இணக்கமான' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'இணக்க மீன்' போதுமே.

இதை நான்கு பக்கம் பயன்படுத்திப் பார்த்தேன். சண்டை பற்றிய பத்திகளில் நன்றாகவே உட்கார்ந்தது. பட்டினி பற்றிய பத்தி வந்ததும் கழன்றுவிட்டது. மாண்டரின் என்று ஒரு மீன், நீலமும் ஆரஞ்சுமாகக் கோலம் போட்டது போல இருக்கும். பாறைமேல் ஊரும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்று வாழ்வது. அதே இரையைத் தேடும் சுறுசுறுப்பான ராஸ் மீன் ஒன்றைக் கூட விட்டால், ஒரு கடி, ஒரு விரட்டல் இல்லாமலேயே மாண்டரின் நாளுக்கு நாள் வயிறு ஒட்டிச் சாகும். கடல் குதிரைக்கும் இதே கதிதான். மெதுவாகத் தின்பது, வேகமான மீன்கள் முந்திவிடும். (நம் நாட்டில் கடல் குதிரை 2001-லேயே காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. தொட்டிக்கு ஆசைப்பட்டு யாரும் கேட்டுப் போக வேண்டாம்.) இவற்றுக்குள் பிணக்கு இல்லை, அந்த வகையில் இணக்கம்தான். ஆனாலும் ஒன்றாக வைக்கக் கூடாது.

> குறள் 890-ஐப் பாருங்கள். 'உடம்பாடு' என்ற சொல் அங்கே ஆயத்தமாக இருக்கிறது.

பேராசிரியர் ஐயா, இதற்கு எப்படி நன்றி சொல்வது! "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று." சின்னக் குடிசை, உள்ளே ஒரு பாம்பு. மீன்தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது, ஓடித் தப்ப இடமில்லை என்பதுதானே இரண்டிலும் சிக்கல். கடலில் தோற்ற மீன் பத்து முழம் தள்ளிப் போய்விடும். நான்கடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்?

ஆனால் ஐயா, தாங்கள் முதலடிச் சொல்லை எடுத்தீர்கள், எனக்குக் கடைசிச் சொல்லில் கண் விழுந்தது. உடம்பாடு, உடன்பாடு என்றதும் இன்றைய வாசகருக்கு ஒப்பந்தமும் கையெழுத்தும் நினைவுக்கு வரும். உடனுறைதல் அப்படியன்று. சேர்ந்து வாழ்ந்தார்களா, இல்லையா, அவ்வளவுதான். காரணம் சண்டையாக இருக்கலாம், பசியாக இருக்கலாம், பக்கத்து மீனின் வாய் அகலமாக இருக்கலாம். அத்தனைக்கும் இடம் கொடுக்கிறது.

பழஞ்சொல், யாருக்குப் புரியும் என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டார். கோயில் குடமுழுக்கு அழைப்பிதழைப் பார்க்காத தமிழர் உண்டா? 'மீனாட்சி உடனுறை சுந்தரேசுவரர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறோம். மீன் தொடர்பான கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்ன!

கிளைச்சொற்களும் தட்டில்லாமல் வருகின்றன. உடனுறை மீன்கள், உடனுறையா மீன்கள், உடனுறைவு, உடனுறைவுப் பட்டியல். வினையாகவும் ஓடும். கையேட்டில் ஒரு பத்தியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"கோமாளி மீன்கள் இரண்டு உடனுறையும். இளங்குஞ்சுகளாக வாங்கினால் இரண்டும் ஆணாகவே இருக்கும். பெரியது பின்னர் பெண்ணாக மாறும். இணை சேர்ந்தபின் மூன்றாவது கோமாளி மீன் அவற்றோடு உடனுறையாது. ஒரே உருவமும் ஒரே உணவும் கொண்ட மீன்கள் பெரும்பாலும் உடனுறைவதில்லை. இரண்டு டாங் மீன்களைச் சிறு தொட்டியில் விட்டால், வால் அடியில் உள்ள கத்தி போன்ற முள்ளால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும்."

படிக்கும்போது எனக்கு இடறவில்லை.

யாழ்ப்பாணத்துத் தங்கை எழுப்பிய ஐயம் நியாயமானது. கோமாளி மீனும் கடல் சாமந்தியும் சேர்ந்து வாழ்வதையும் உடனுறைவு என்று வாசகர் எண்ணிவிட மாட்டாரா? அதற்குப் பாடநூல்களில் 'கூட்டுயிர் வாழ்க்கை' ஏற்கெனவே இருக்கிறது, அம்மா. ஒன்றால் மற்றொன்று பயன் பெறுவது அது. ஒன்றால் மற்றொன்று கெடாமல் இருப்பது இது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் அருகருகே விளக்கிவிடுகிறேன்.

வந்தது வந்தோம், இன்னொன்றும். 'உவர்நீர்த் தொட்டி' என்று இருவர் எழுதியிருந்தார்கள். மீன்வளர்ப்பு நூல்களில் உவர்நீர் என்பது ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரத்து நீர், இறால் பண்ணை நீர். நம் தொட்டிக்கு லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு வேண்டும், அது முழுக் கடல்நீர். ஆகவே 'கடல்நீர்த் தொட்டி' என்றே வைத்துக்கொள்கிறேன். 'உப்புத்தண்ணீர்' என்று எழுதினால், எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள்.

பவளத்தைக் கொறிக்காத மீன்களுக்கான சொல்லை அடுத்த மடலில் கேட்கிறேன். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவும் பவளத்தையே மேய்பவை என்பதால் அந்தப் பகுதியும் பெரிதாகத்தான் போகும்.

முடிக்குமுன் பேராசிரியர் ஐயாவிடம் ஓர் ஒற்றுக் கேள்வி. இந்த மீன்களை ஒன்றாக வைக்கும் தொட்டியை 'உடனுறை தொட்டி' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறேன். 'உறைபதி' போல வினைத்தொகை என்று கொண்டேன். மெய்ப்புப் பார்ப்பவர் எல்லா இடத்திலும் 'உடனுறைத் தொட்டி' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன, வியாழன் இரவுக்குள் ஒரு வரி எழுதினால் போதும்.