குடித்தது நினைவில் நிற்கிற மாதிரி தண்ணீர் குடிப்பது எப்படி?

பிழைதிருத்தி:
அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் எழுவதே இல்லை. மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கிறது, பக்கவாட்டில் மணிக்கணக்குக் கோடுகள் போட்டது. மதியம் 1 மணிக் கோட்டுக்குத் தண்ணீர் இறங்குவதற்குள் மாலை 6 ஆகிவிடும். அப்புறம் பாக்கியை அடைப்பது போல இரவு 10 மணிக்கு மீதியை மடமடவென்று குடித்துவிட்டுப் படுப்பேன். 2 மணிக்கு ஒரு முறை, நாலரைக்கு ஒரு முறை எழுந்து போக வேண்டும்.

கைபேசியில் ஒரு செயலியும் போட்டுப் பார்த்தேன். மணிக்கொரு தடவை அலறும். நான்காம் நாளே, குடிக்காமல் ‘குடித்தாயிற்று’ என்று தட்டப் பழகிவிட்டேன். யாரை ஏமாற்றினேனோ!

போன வாரம் மின்சாரம் போனது. திரை அணைந்ததும் செய்ய ஒன்றுமில்லை. சமையலறையில் நின்றபடி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நெஞ்சுக்குழிக்குள் குளிர்ச்சி இறங்குவது தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் குடித்ததில் அந்த ஒரு டம்ளர்தான் நினைவிருக்கிறது. தினமும் அப்படிக் குடிக்க ஆசை. ஆனால் அதுவும் இன்னொரு கோடு போட்ட பாட்டிலாக மாறிவிடக் கூடாது. யாராவது பழகியிருக்கிறீர்களா? எட்டு டம்ளர் கணக்கை விட்டுவிடலாமா?

வார்டு அக்கா:
தாராளமாக விடுங்கள் தம்பி. நான் நர்ஸ். நோயாளிக்கு உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுதியே கை தேய்ந்தவள். 1945இல் அமெரிக்காவில் உணவு ஊட்டச்சத்து வாரியம் ஒன்று, நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் வேண்டும் என்றது. அதில் பெரும்பங்கு உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் கூடவே சொன்னது. எட்டு டம்ளர் அங்கிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். முதல் பாதி ஊரெல்லாம் பரவியது, இரண்டாம் பாதி காணாமல் போனது.

உங்கள் இரவுக் கடன் அடைப்பை முதலில் நிறுத்துங்கள். உடம்பு அதைச் சேமித்து வைக்காது, சிறுநீரகம் வெளியே தள்ளத்தான் பார்க்கும். அதுவும் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் அதனால் முடியும். போட்டி போட்டுக்கொண்டு லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகும். விளையாட்டில்லை.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர்ந்திருந்தால் குடியுங்கள். பி வைட்டமின் மாத்திரை போடுகிறவர்களுக்குப் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கும், அவர்களுக்கு நாம்தான் நினைவுபடுத்த வேண்டும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நேர்மாறு: நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்கச் சொல்வார்கள்.

நேர்வழி:
தண்ணீர் குடிப்பதற்குமா தியானம்? தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள். இரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் செறிவு 1 அல்லது 2 சதவீதம் ஏறினாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். அதைவிட நல்ல செயலி எங்கே கிடைக்கும்?

சின்ன டம்ளர்:
நேர்வழி சொல்வது சரிதான். ஆனால் வேலையில் மூழ்கியவருக்கு அந்த அழைப்பு கேட்பதில்லையே, அதுதானே சிக்கல். நான் செய்தது ஒன்றுதான்: பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். சின்ன டம்ளர் ஒன்று, அதுவும் அடுத்த அறையில். குடிக்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். கைபேசி உடன் வரக் கூடாது. முதல் மடக்கை உடனே விழுங்காமல் ஒரு கணம் வாயில் வைத்திருப்பேன். உண்மையிலேயே தாகமாக இருந்தால் அது இனிக்கும். மூன்று நான்கு மடக்கில் அந்த இனிப்பு போய்விடும். தண்ணீர் இரத்தத்தில் கலப்பதற்கு முன்பே தொண்டையும் வயிறும் மூளைக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. அதற்கு மேலும் குடித்துக்கொண்டே போனால் விழுங்குவதே பாரமாகிவிடும். 2016இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். அந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன், பாதி மிச்சமிருந்தாலும்.

பிழைதிருத்தி:
முதலில் ஒரு பிழை திருத்தம்: தம்பி இல்லை அக்கா, தங்கை.

ஒன்பது நாள் ஆயிற்று. செயலியை அழித்தேன். பாட்டிலில் இப்போது செடிக்கு ஊற்றுகிறேன். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எழுந்து போய்ச் சின்ன டம்ளரில் குடிக்கிறேன். எல்லாத் தடவையும் கவனம் நிற்கிறது என்று சொன்னால் பொய். பாதி நேரம் ஒற்று மிகுமா மிகாதா என்ற யோசனையோடுதான் விழுங்குகிறேன். ஆனால் அந்த முதல் மடக்கு பிடிபட ஆரம்பித்திருக்கிறது. நேற்று ஒரு தடவை வாயில் வைத்ததுமே தெரிந்தது, எனக்குத் தாகமே இல்லை, அந்த மோசமான அத்தியாயத்திலிருந்து தப்பிக்கத்தான் எழுந்து வந்திருக்கிறேன் என்று. டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலோரம் சும்மா நின்றேன்.

இரவில் இப்போது ஒரு முறைதான் எழுகிறேன்.